‘இன் கோல்ட் பிளட்’: நடக்காத காட்சிக்கு ஆவண நாவலில் இடம் உண்டா?

கரிசல்வாசகர்:
அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் இந்நூலை, உண்மை நிகழ்வை நாவல் வடிவில் சொல்லும் ஆவண நாவலின் உச்சமாகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1959 நவம்பர் 15 அன்று கன்சாஸ் மாநிலத்து ஹோல்கோம்ப் ஊரில் ஹெர்பர்ட் கிளட்டரும் அவர் மனைவியும் இரு பிள்ளைகளும் கொல்லப்பட்டதன் உண்மை வரலாறு என்று துணைத்தலைப்பிலேயே அவர் உறுதி தருகிறார். ஆனால் புலனாய்வாளர் ஆல்வின் டூயி கல்லறைத் தோட்டத்தில் மகள் நான்சியின் தோழியைச் சந்திக்கும் இறுதிக் காட்சி நடக்கவே இல்லை.

நெய்தல்:
அந்தக் காட்சி கற்பனைதான், மறுக்கவில்லை. ஆனால் நூலின் வலிமை அதில் இல்லை. பண்ணை வீட்டில் பணப்பெட்டகம் இருப்பதாகச் சிறைத்தோழன் ஒருவன் சொன்னதை நம்பிச் சென்ற ஹிக்காக்கும் பெர்ரி ஸ்மித்தும், இல்லாத பெட்டகத்துக்காக நான்கு உயிர்களைப் பறித்து, ஐம்பது டாலருக்கும் குறைவாகவே எடுத்துச் சென்றனர். கொலை இரவை உரிய இடத்தில் சொல்லாமல், காரில் பெர்ரி வாக்குமூலம் தரும்வரை கபோட்டி நிறுத்தி வைக்கிறாரே, அந்த அடுக்குமுறைதான் கலை. அதற்கு எந்தப் பொய்யும் தேவைப்படவில்லை.

கரிசல்வாசகர்:
குறை ஒரு காட்சியோடு முடியவில்லை, நெய்தல். அந்தச் சிறைத்தோழனிடமிருந்து துப்புக் கிடைத்த அன்றிரவே அதிகாரி ஹிக்காக்கின் பெற்றோர் வீட்டுக்கு விரைந்ததாக நூல் சொல்கிறது. பின்னாளில் வெளிவந்த புலனாய்வு ஆவணங்களோ ஐந்து நாள் தாமதம் ஆனதைக் காட்டின. நேர்காணலின்போது குறிப்பெடுக்காமல் நினைவை மட்டுமே நம்பியவரின் நூலில், பிழை எது, புனைவு எது என்று வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

பாலைத்திணை:
இடையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1956 ஜூன் மாதம் அர்ஜென்டினாவில் காவல்துறை குடிமக்களைக் குப்பைமேட்டில் சுட்டதைப் பத்திரிகையாளர் ரொடோல்ஃபோ வால்ஷ் 1957இலேயே நூலாக்கிவிட்டார். அவர்கள் கைதான பிறகுதான் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது, ஆகவே அச்சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்பதை வானொலி நிலையப் பதிவேட்டைக் கொண்டு நிறுவினார். அதில் ஒரு காட்சியை இட்டுக்கட்டியிருந்தால், அரசு முழு நூலையும் பொய்யென்று தள்ளியிருக்கும். ஆவண எழுத்தின் பொறுப்பு அத்தனை பெரியது.

நெய்தல்:
வால்ஷின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் கபோட்டியும் ஓர் அநீதியை ஆவணப்படுத்தினார். செய்வது தவறென்று கொலையாளிகளுக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கு மேல் மனநல மருத்துவரைக் கன்சாஸ் நீதிமன்றம் பேச விடவில்லை; அனுமதித்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நூல் விரிவாகத் தருகிறது. 1965 ஏப்ரல் 14 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்ட பின்னர், நீதிமன்றம் கேட்க மறுத்ததை இலட்சக்கணக்கானோர் வாசித்தனர். அந்தப் பக்கங்களுக்காகவே இந்நூலை நான் கைவிட மாட்டேன். கல்லறைக் காட்சியை நீக்கி ஒரு பதிப்பு வருமானால் அதையும் மனமார வரவேற்பேன்.