மே மாதத்தில் முட்டம் பாறைகளுக்கு நடைப்பயணம்: கடலில் இறங்கலாமா?

பாறசாலை நடையன்:
மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பன்னிரண்டு பேர் காலை ரயிலில் குமரி மாவட்டத்து இரணியலில் இறங்கி, ஆட்டோ பிடித்து முட்டம் கலங்கரை விளக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து கரையோரமாகக் கடியபட்டணம் வழியே மண்டைக்காடு வரை நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். விளக்கத்துக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நீந்திக் குளிப்போம். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். கயிறும் மிதவைச் சட்டைகளும் உண்டு. கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் இறங்குவோம். மறுப்பு இருந்தால் கூறுங்கள்.

முட்டத்து மகன்:
மறுப்பு உண்டு. நடையை நான் மறுக்கவில்லை. வள்ளியாற்றுப் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், மணல் மூடிக் கிடந்தால் மணலிலேயே கடக்கலாம், உடைந்திருந்தால் சாலைப் பாலத்துக்கு ஏறிச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். குளியல்தான் கவலை தருகிறது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வேறுபாடு இராது என்பதால், வற்றும் நேரம் பார்த்து இறங்குவது பெரிய காப்பாகாது. சித்திரை, வைகாசியில் அஞ்ச வேண்டியது கள்ளக்கடலை. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கடைக்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள் சில நாள்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. அப்போது நம் கரையில் காற்றே இராது, வானமும் தெளிந்திருக்கும். பத்து நிமிடம் குளம்போலக் கிடக்கும் தண்ணீர், அடுத்தடுத்து நான்கைந்து அலைகளில் பாறைமேல் ஏறிவிடும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட கடலில்தான், அதுவும் மணற்கரையில்.

பாறசாலை நடையன்:
அண்ணா, அந்தத் துயரத்தை நான் மறக்கவில்லை. ஆனால் ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில், ஜூனில் தென்மேற்குப் பருவமழை, மேயில் கள்ளக்கடல். இப்படி ஒவ்வொரு மாதமாகக் கழித்துக்கொண்டே போனால் கடலோரத்தில் பிறந்தவர் மட்டும்தான் கடலில் இறங்கலாம் என்றாகிவிடும். உங்கள் ஊர்ச் சிறுவர்கள் அதே பாறையிலிருந்து குதிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

களியக்காவிளை ஆசிரியை:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளியூராருக்கு ஒரு நீதி, உள்ளூராருக்கு ஒரு நீதி என்று கடல் பார்ப்பதில்லை. கயிறும் மிதவைச் சட்டையும் இருக்கும்போது தடுப்பானேன்?

முட்டத்து மகன்:
டீச்சர், கடல் பார்ப்பதில்லைதான், சிறுவன் பார்க்கிறான். எந்த இடுக்கில் அலை உள்ளே இழுக்கும், எந்தக் கல்லில் பாசி என்பது அவனுக்குக் காலால் தெரியும், அப்படியிருந்தும் அவன் எந்நாளும் குதிப்பதில்லை. மிதவைச் சட்டை ஆளை மிதக்கவைக்கும். பாறையில் மோதாமல் காக்காது. கயிறோ அதைவிட மோசம்: அலை பின்வாங்கும்போது மேலிருந்து இழுத்துப் பிடித்தால், ஆளைப் பாறையில் ஒட்டிய சிப்பி மேல் தேய்த்துத்தான் எடுப்பீர்கள். அந்தச் சிப்பி எப்படி அறுக்கும் என்பதை என் அண்ணன் மகனின் உள்ளங்காலில் பார்த்தேன். கத்திவைத்துக் கீறியது போல் குதிகால் வரை பிளந்து, உப்புநீரில் இரத்தம் நிற்காமல் வழிந்தது. அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. எல்லா மாதத்தையும் நான் கழிக்கவில்லை. கச்சான் என்ற மேல்காற்று ஓய்ந்த தை, மாசியில் வாருங்கள். அப்போதும் ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கையை முந்தைய நாளும் அன்று காலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

களியக்காவிளை ஆசிரியை:
கயிற்றைப் பற்றி நான் இப்படி எண்ணவில்லை. என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

பாறசாலை நடையன்:
நான் முழுதாகத் திரும்பப் பெறவில்லை. மேயில் மண்டைக்காடு வரை நடப்போம். இரணியலுக்குத் திரும்பும்வரை எவர் காலும் கடலில் நனையாது. குளியலை மாசிக்குத் தள்ளுகிறேன், கைவிடவில்லை. அன்று நீங்கள் உடன் இருப்பீர்களா?

முட்டத்து மகன்:
ஆறரை மணிக்கு விளக்கத்தடியில் நிற்பேன். வந்தவுடன் சட்டையைக் கழற்றாதீர்கள். அரை மணி நேரம் பாறையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஈரம் எதுவரை ஏறிக் கறுத்திருக்கிறதோ, அதற்கு மேல் காய்ந்து வெளுத்த கல்லில் பைகளை வைக்க வேண்டும். அந்தக் கோடு நம் கண்முன்னே மேலேறினால், மாசியானாலும் குளியல் இல்லை.