புதுப்பிப்பு: குட்டிக் கார்டில் முத்திரை மை காயாத சிக்கல் தீர்ந்தது

2.5 × 3.5 அங்குலக் கார்டில், வாட்டர்கலர் அடுக்கின் மேல் பிக்மெண்ட் மையால் (காகிதத்துக்குள் ஊறாமல் மேலேயே தங்கி மெதுவாகக் காயும் மை) வள்ளம் உருவ ரப்பர் முத்திரை குத்தினால் நாள்கணக்கில் ஈஷுகிறது என்று ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ஹேர் டிரையர். காய்ந்தது, மறுநாள் காலையில் திரும்பவும் பிசுபிசுப்பு. "உப்புத் தூவுவதை நிறுத்திப் பாருங்க" என்று ஒரு அக்கா சொன்னதுதான் சரியாக இருந்தது. நட்சத்திரக் கோலம் விழட்டும் என்று ஈர வண்ணத்தில் கல்லுப்பைத் தூவுவேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: காகித இழைக்குள் சிக்கிய ஒவ்வொரு துகளைச் சுற்றியும் பொட்டு நீர். சுத்திகரிக்காத உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

ஒரே நாளில் ஆறு கார்டு செய்தேன், மூன்றில் உப்பு, மூன்றில் இல்லை. உப்பில்லாத மூன்றும் மறுநாளே விரலில் ஒட்டவில்லை. இப்போது உப்புக்குப் பதில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சொட்டுகிறேன்; வளையம் வளையமாக விலகி, அலை நுரை மாதிரியே வருகிறது.

எம்பாஸிங் பவுடர் யோசனையும் பலித்தது; ஈர மையின் மேல் தூவிச் சூடுகாட்டினால் உருகி, மேடாக எழும்பும் தூள் அது. முத்திரைக்கு முன் கார்டில் டால்கம் பவுடரை லேசாகத் தடவித் தட்டிவிடுங்கள், எம்பாஸிங் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டாது. எதிர்பாராத ஒன்று: ஹேர் டிரையர் எம்பாஸிங் பவுடரை ஊதித் தள்ளியதே தவிர உருக்கவில்லை. சூடான இஸ்திரிப் பெட்டிக்கு மேலே, தொடாமல், இடுக்கியால் கார்டைப் பிடித்தேன். அரை நிமிடத்துக்குள் வள்ளத்தின் பாய் பளபளவென்று எழும்பி நின்றது.