லைட் மாஸ்க்குக்கு "ஒளி முகமூடி" வேண்டாமே

வணக்கம். பழைய பின்பால் மெஷின் (சாய்வுப் பலகையில இரும்புக் குண்டை அடிச்சு ஆடுற விளையாட்டு மெஷின்) பத்தின உங்க சொற்பட்டியல்ல, படக் கண்ணாடியோட பின்பக்கம் வெளிச்சத்தை மறைக்க அடிக்கிற லைட் மாஸ்க் அடுக்கை "ஒளி முகமூடி"ன்னு போட்டிருக்கீங்க, எனக்கு அது ஒட்டவே இல்ல. அந்த அடுக்கு செய்யிற வேலையைப் பாருங்க. 1950, 60கள்ல சிகாகோவுல காட்லீப், வில்லியம்ஸ், பாலி கம்பெனிக்காரங்க பேக்கிளாஸ் (மெஷினோட தலைப்பக்கம் நிமிர்ந்து நிக்கிற படக் கண்ணாடி) படத்தைக் கண்ணாடியோட பின்பக்கத்துல ஸ்க்ரீன் பிரிண்ட் பண்ணாங்க, நம்ம தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம் மாதிரியே வரிசை தலைகீழ்தான், முன்னால தெரியவேண்டிய கோடும் கலரும் முதல்ல, அப்புறம் வெள்ளை, கடைசியா பல்பு வெளிச்சம் ஊடுருவாத ஒரு கனமான அடுக்கு. எங்க வெளிச்சம் தெரியணுமோ அங்க மட்டும் அதை விட்டுடுவாங்க. "டில்ட்", "கேம் ஓவர்" எழுத்தெல்லாம் பல்பு எரிஞ்சாத்தான் தெரியும், அணைஞ்சா இருந்த இடமே தெரியாது, அந்த அழகு முழுக்க இந்த அடுக்காலதான்.

கண்ணாடிக்குப் பின்னாடி எரியிற 44 நம்பர் பல்பு 6.3 வோல்ட்ல 0.25 ஆம்பியர் இழுக்கும், அந்தச் சூட்டுல வருஷக்கணக்கா காஞ்சு மை செதில் செதிலா உரிஞ்சிடுது. இப்ப ஸ்கேன் பண்ணி, கோடுகளைத் திரும்ப வரைஞ்சு, யூவி பிளாட்பெட்ல (புற ஊதா வெளிச்சத்துல மை உடனே காயிற தட்டைப் பிரிண்டர்) நேரா கண்ணாடியிலயே அடிக்கிறோம். கலர்ல எல்லாரும் கவனமா இருப்பாங்க, கோட்டை விடுறது இந்த அடுக்கைத்தான். நானே ஒரு கண்ணாடிக்கு இது இல்லாம அடிச்சேன், பகல்ல பாத்தா பிரமாதம், சுவிட்சைப் போட்டதும் படத்துல இருந்த பொண்ணு கன்னத்துல பல்பு வட்டமா தெரியுது, பின்னாடி ஓடுற ஒயர் நிழல் கழுத்துல கோடா விழுது, மனசே விட்டுப்போச்சு. முதல்லேருந்து திரும்ப அடிச்சேன்.

அதனால சொல்லு வேலையைச் சொல்லணும். "ஒளித்தடை"ன்னா மின்தடை மாதிரி ரெசிஸ்டர் ஞாபகம் வந்துடும். "பூச்சு" சேர்க்கலாம்னா இப்ப யாரும் பூசறதில்ல, அச்சடிக்கிறோம். "ஒளிமறை" சின்னதா நல்லாத்தான் இருக்கு, ஆனா பட்டறையில மறைன்னா போல்ட்டு மறை, மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கிறவனுக்கு அதுதான் முதல்ல தோணும். "ஒளிமறைப்பு" சரியா வருது. ஒளிமறைப்பு அடுக்கு, ஒளிமறைப்புக் கோப்பு, "ஒளிமறைப்பு ஒரு மில்லி நகந்துடுச்சு"ன்னு பேச்சுலயும் உக்காருது.

பேக்கிளாஸுக்கு "பின்கண்ணாடி"ன்னா கார்தான் ஞாபகம் வரும், அதை இப்போதைக்கு அப்படியே விடுவோம்.

சிவகாசிப் பக்கம் ஸ்க்ரீன் பிரிண்ட் போடுறவங்க யாராவது இருந்தா, வெளிச்சம் மறைக்கிற இந்த அடுக்கை நீங்க வாயால என்னன்னு சொல்றீங்கன்னு எழுதுங்க. அங்க ஏற்கனவே ஒரு சொல் புழங்குதுன்னா என்னோடத விட்டுட்டு அதையே எடுத்துக்கலாம்.