கிறிஸ்துமஸுக்கு மூன்றே மூன்று வகை: எதைச் செய்யலாம்?

ராத்திரி_ஓவன்:
போன வருஷக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 24, இரவு பத்தரை மணி. நட்சத்திர அச்சில் வெட்டிய பட்டர் குக்கீ இருபத்துநாலை ஓவனில் வைத்தேன். பன்னிரண்டு நிமிஷம் கழித்துத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு குக்கீதான் இருந்தது, தட்டு அளவுக்கு. "கத்தரிக்கோல் எடுத்து வரட்டுமாப்பா?" என்று கேட்டான் என் பையன்.

இந்த வருஷமும் 23 வரை எனக்கு வேலை இருக்கிறது. அதனால் முன்கூட்டியே செய்து டப்பாவில் போடக்கூடியதாக மூன்று போதும்: வாயில் கரைகிற மாதிரி ஒன்று, மசாலா வாசனையோடு ஒன்று, ஓவனே தேவைப்படாத இனிப்பு ஒன்று. படம் எடுக்க அழகாக இருப்பது வேண்டாம். உங்கள் வீட்டு டப்பாவில் எது முதலில் காலியாகிறதோ அதைச் சொல்லுங்கள்.

டப்பா_அக்கா:
தம்பி, அந்த ஒற்றைக் குக்கீயை நானும் சுட்டிருக்கிறேன். வெட்டி முடிப்பதற்குள் வெண்ணெய் இளகியிருக்கும், அப்படியே உள்ளே தள்ளியிருப்பீர்கள். மாவு இறுகிப் பிடிப்பதற்கு முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடும். வெட்டிய பிறகு தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் தட்டு வெளியே வந்த சூட்டிலேயே அடுத்ததை அதில் அடுக்காதீர்கள். பேக்கிங் பவுடர் போட்டிருந்தால் அச்சுக் குக்கீக்கு அது வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு ஷார்ட்பிரெட்டுக்கு, வெண்ணெய் நிறையச் சேர்ந்து வாயில் உதிர்கிற குக்கீ. எடைக் கணக்கு 1:2:3. சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300, உப்பில்லாத வெண்ணெய் என்றால் அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான், முட்டை கிடையாது. கப்பில் அளக்காதீர்கள், தராசு வேண்டும். விரல் நுனியால் உதிர்த்துப் பிசைந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டில் அழுத்தி, முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரியில் 25 நிமிஷம் போல வையுங்கள். ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமானால் போதும், நடுப்பகுதி வெளுப்பாகத்தான் இருக்கும். சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டு, ஆறியதும் உடையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும்.

ஆனால் என் வீட்டில் முதலில் காலியாவது இது இல்லை, வனில்லாக் கிப்ஃபர்ல். ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கத்துப் பிறை வடிவக் குக்கீ. மைதா 250, வெண்ணெய் 200, பொடித்த பாதாம் 100, சர்க்கரை 80. சின்ன விரல் கனத்துக்கு உருட்டி, இரண்டு நுனியையும் கூராக்கி வளைக்க வேண்டும். ஓவனிலிருந்து வந்ததும் வனிலா கலந்த பொடித்த சர்க்கரையில் புரட்டும் அந்த ஒரு நிமிஷம்தான் பரீட்சை. கொதிக்கக் கொதிக்கத் தொட்டால் பிறை நடுவில் முறியும், ஆறிவிட்டால் சர்க்கரை ஒட்டாது. விரல் பொறுக்கும் சூட்டில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முறிந்ததெல்லாம் சமையல்காரர் கணக்கு. முதல் தடவை நான் பதினொன்று தின்றேன்.

கிராம்பு_பைத்தியம்:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் மசாலாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! ஜிஞ்சர்பிரெட் என்கிற மசாலாக் குக்கீ செய்யுங்கள். சுக்குப் பொடி, பட்டை, கொஞ்சமாகக் கிராம்பு. (பேர்தான் பைத்தியம், கை அளவாகத்தான் இருக்கும். கிராம்பு கூடினால் பல் டாக்டர் அறை வாசனை வந்துவிடும்.) மாவை முந்தின இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வாசனை ஊறியிருக்கும், விரிக்கும்போது கையில் ஒட்டாது. சோடா உப்பு சேர்ப்பதாக இருந்தால் மொலாசஸும் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) வேண்டும். அதன் புளிப்புதான் சோடாவை வேலை செய்ய வைக்கிறது.

முக்கியமானது: இதையும் ஷார்ட்பிரெட்டையும் ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள். மெத்தென்ற குக்கீயின் ஈரம் உதிரி உதிரியான குக்கீக்குப் போய்விடும், வாசனையும் கூடவே போகும். ஒரு வருஷம் எங்கள் டப்பாவில் எல்லாமே கிராம்பு குக்கீதான்.

ஓவன்_இல்லாதவள்:
மூன்றாவதற்கு ஃபட்ஜ், மெத்தென்ற சாக்லேட் இனிப்பு. டார்க் சாக்லேட் 400 கிராம், கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், வெண்ணெய் 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அடிகனமான பாத்திரம், மிகச் சிறு தீ. சாக்லேட் முக்கால்வாசி உருகியதுமே அடுப்பை அணையுங்கள், மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் எண்ணெய் பிரிந்து மினுமினுக்கும். அப்படி ஆனால் பதற வேண்டாம், சூடான பால் ஒரு ஸ்பூன் விட்டு வேகமாக அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள். பெரிய துண்டு திகட்டும்.

ராத்திரி_ஓவன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஷார்ட்பிரெட்டைப் பாதி அளவில் செய்து பார்த்தேன். ஃப்ரிட்ஜில் வைத்தேன், தராசில் அளந்தேன், 160-இல் வைத்தேன். 15 நிமிஷத்தில் ஓரமெல்லாம் பழுப்பு! சந்தேகம் வந்து இன்று ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். குமிழை 160-க்குத் திருப்பினால் உள்ளே 190 காட்டுகிறது. போன வருஷ நட்சத்திரங்களைத் தனியாக நான் மட்டும் கொல்லவில்லை.

அக்கா, குமிழை 130-இல் வைத்து மறுபடி சுட்டேன். வெளுப்பாக, நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. இரண்டு வாரம் நிற்கும் என்றீர்களே, இங்கே டப்பாவுக்குப் போகவே இல்லை. 22-ஆம் தேதி இரவு கிப்ஃபர்ல். எத்தனை முறிந்தது என்று வந்து சொல்கிறேன்.

டப்பா_அக்கா:
பதினொன்றுக்கு மேல் போனால் சொல்ல வேண்டாம் தம்பி.