வண்ணக் கண்ணாடி ஜன்னல் உள்பக்கம் புடைக்கிறது

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் பழைய தேவாலயம், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாணி. பலிபீடத்துக்குப் பின்னுள்ள கிழக்கு ஜன்னலில் கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைகள் புடைத்துள்ளன, ஜன்னலைத் தாங்கும் குறுக்கு இரும்புக் கம்பியில் துரு. சிலிக்கான் பசை வைத்து அடைக்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். பிற்பாடு பிரிக்கும்போது கண்ணாடி உடையும். ஈயத்தையும் குறுக்குக் கம்பியையும் இணைக்கும் செம்புக் கட்டுகளைப் பாருங்கள். அவை அறுந்தால் காற்றழுத்தமும் சொந்த எடையும் ஈயத்தை வளைத்துவிடும். புடைப்பைக் கையால் அழுத்தாதீர்கள்.

பதில் 2: துருதான் எனக்குப் பெரிய கவலை. துருப்பிடித்த இரும்பு பருத்து, செருகிய இடத்தில் கல்லையே பிளக்கும். முனைகளை மட்டும் வெட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டுப் போடலாம். ஜன்னல் கல்லோடு சேரும் ஓரத்துக்குச் சிமெண்ட் கூடாது. சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து பூசுங்கள்.

பதில் 3: கழற்றுமுன் படமெடுங்கள். காகிதம் வைத்துத் தேய்த்து ஈயக்கோட்டின் பிரதியும் எடுங்கள், திரும்பப் பொருத்தும்போது கண்ணாடித் துண்டு இடம் மாறாது.