கமுகில் எறும்பு எழுதிய மாதிரிக் கோடுகள், இது என்ன?

களுதாவளையான்:
எங்கள் கிணற்றடிக் கமுகில் உள்ளங்கை அளவில் வெளிறிய சாம்பல் திட்டுகள். இருபது வருடமாக அந்த மரத்தில் சாய்ந்துதான் பல் தீட்டுகிறேன், தேமல் என்றே நினைத்திருந்தேன். போன கிழமை மழை விட்ட பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், திட்டு முழுக்க மயிர்ப் பருமனில் கறுப்புக் கோடுகள். நீளம் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான். சிலது வளைந்திருக்கிறது, சிலது மான்கொம்பு போலக் கிளைத்திருக்கிறது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பக்கத்து வளவுக்காரர் சுண்ணாம்பு பூசச் சொல்கிறார். மரத்துக்கு நோயா? படம் போட்டிருக்கிறேன்.

கைவில்லை:
சுண்ணாம்பு வேண்டாம் அண்ணன். அது இலைக்கன். பங்கசும் (பூஞ்சை) அல்காவும் (பாசி) சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உயிர், மரத்தின் சாற்றை உறிஞ்சாது. படத்தைப் பார்த்தால் கிராபிஸ் சாதி, அதாவது நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த ஒரு கூட்டம். எழுத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். அந்தக் கோடுகளில்தான் பங்கசின் வித்திகள், அதாவது அது பரவ உதவும் நுண்ணிய விதை மாதிரித் துகள்கள், உண்டாகின்றன. பத்து மடங்கு வில்லையில் ஒரு கோட்டைப் பாருங்கள். இரண்டு உதடு மாதிரி விளிம்பு எழும்பி நடுவில் பிளவு இருந்தால் கிராபிஸ் பக்கம். விளிம்பே இல்லாமல் மை ஊறிய மாதிரித் தட்டையாகக் கிடந்தால் ஆர்த்தோனியா என்ற வேறு சாதியாக இருக்கலாம்.

வந்தாறுமூலைப் பழைய மாணவி:
சாதியோடு நிற்பது நல்லது. இப்படி எதைக் கண்டாலும் ‘கிராபிஸ் ஸ்கிரிப்டா’ என்று எழுதிவிடுகிறார்கள், அது குளிர்நாட்டு இனம். இந்தச் சாதியில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. வித்தியை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்: நிறமற்றதா, எத்தனை குறுக்குச் சுவர் என்று. வித்தி கபில நிறமென்றால் சாதியே மாறிப் பேயோகிராபிஸ் ஆகிவிடும். அப்புறம், திட்டின் ஓரத்தை ஊசியால் மெல்லக் கீறிப் பாருங்கள் ஐயா. உள்ளே இருக்கும் அல்கா திரெந்தெபோலியா. பச்சை அல்கா வகைதான், ஆனால் செம்மஞ்சள் நிறப்பொருள் இருப்பதால் கீறல் மஞ்சளடிக்கும்.

களுதாவளையான்:
பேத்தியின் பள்ளிக்கூடப் பையில் வில்லை கிடைத்தது. உதடு இருக்கிறது, பிளவும் இருக்கிறது! கீறலில் மஞ்சள் கலந்த பச்சை. இன்னொன்றும் கண்டேன். கிணற்றைப் பார்த்த பக்கம் திட்டுக்கு மேல் திட்டு, இரண்டு முட்டும் இடத்தில் வரப்பு மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பின்னேர வெயில் விழும் பக்கம் ஒன்றிரண்டுதான். என் முதுகு உரசும் உயரத்தில் ஒன்றுமே இல்லை.

கைவில்லை:
அந்த முதுகு விஷயத்தையும் குறித்து வையுங்கள் அண்ணன். சுண்ணாம்பு என்னாயிற்று?

களுதாவளையான்:
பக்கத்து வளவுக்காரர் தன் மூன்று கமுகுக்கும் பூசி முடித்துவிட்டு, வாளியோடு இங்கே வந்தார். வில்லையைக் கையில் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை, பேத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.