டச்டவுன் என்கிறார்கள், பந்து தரையைத் தொடவே இல்லையே?

சாட்ஸ்வொர்த்_குமரன்:
அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் பார்க்க நானும் மாமாவும் ராத்திரி ஒன்றரை மணிக்கு டீயோடு உட்கார்ந்தோம். ஒருவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டே எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுகிறான், கீழே வைக்கவே இல்லை, உடனே ‘டச்டவுன்’ என்று 6 புள்ளி கொடுத்துவிட்டார்கள். எதைத் தொட்டான் என்று மாமா கேட்கிறார். யாருக்காவது தெரியுமா?

கோட்டோரம்:
தம்பி, அது ரக்பியிலிருந்து போன பேர். 1870களில் அமெரிக்கக் கல்லூரிகள் ரக்பி விதிகளை எடுத்து ஆட ஆரம்பித்தன, 1874இல் ஹார்வர்டும் கனடாவின் மெக்கில்லும் ஆடியது அதில் முக்கியமானது. அப்போது பந்தைத் தரையில் வைத்தே ஆக வேண்டும். பிறகு விதி மாறியது, பேர் மாறவில்லை. இப்போது பந்தின் நுனி கோட்டுக்கு நேர் மேலே காற்றில் எட்டிப் பார்த்தாலே போதும். நான் இங்கே பள்ளிக்கூட ரக்பி ஆட்டங்களுக்குக் கோட்டோர நடுவராகக் கொடி பிடித்தவன். பந்துக்கும் புல்லுக்கும் நடுவில் எவன் கை இருக்கிறது என்று சேற்றில் குனிந்து பார்க்கிற பாடு அமெரிக்க நடுவர்களுக்கு இல்லை.

மாலா_டர்பன்:
அப்படியானால் ரக்பியில் கோட்டுக்கு அப்பால் பந்தை வைப்பதை நாம் ஏன் ‘ட்ரை’ என்கிறோம் அண்ணா?

கோட்டோரம்:
பந்தை வைத்ததற்கு அந்தக் காலத்தில் புள்ளியே கிடையாதம்மா. கோலுக்கு உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவுதான், அந்த முயற்சிதான் ‘ட்ரை’. அமெரிக்காவிலும் உதைக்குத்தான் மதிப்பு: 1883இல் டச்டவுனுக்கு 2, அதற்கப்புறம் அடிக்கும் கோலுக்கு 4. டச்டவுன் 6 ஆனது 1912இல். நம் ட்ரைக்கு 5 வந்ததே 1992இல்தான். இன்னொரு வேடிக்கை, டச்டவுனுக்குப் பின் வரும் அந்தக் கூடுதல் வாய்ப்புக்கு அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எப்எல்லின் விதிப்புத்தகத்தில் இன்றைக்கும் பேர் ‘ட்ரை’!

பீனிக்ஸ்_வாசி:
ரக்பியிலும் ‘டச் டவுன்’ உண்டு, மறந்துவிடாதீர்கள். தற்காக்கிற அணிக்காரன் தன் பக்கத்துக் கோட்டுக்குப் பின்னால் பந்தை அமுக்கினால் அதுதான். புள்ளி கிடையாது.

சாட்ஸ்வொர்த்_குமரன்:
மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பள்ளியில் ஒருமுறை கோட்டைத் தாண்டியதும் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாராம், பந்து நழுவிவிட்டது, ட்ரை இல்லை என்று ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். “அமெரிக்காவில் ஆடியிருக்க வேண்டியவன்டா நான்” என்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.